கம்பியில் குத்திய சீட்டு

தூத்துக்குடிப் பக்கத்துப் புதுக்கோட்டையில், திருநெல்வேலி ரோட்டு மேலிருக்கும் பகவதி ஸ்டோருக்குள் ஒரு காகிதம் நுழைந்துவிட்டால் லேசில் வெளியே போகாது. கரண்டு பில், லாரி ஆபீஸ் ரசீது, டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்துச் சீட்டு, எதுவானாலும் சரி, மேசை மேல் மரக்கட்டையில் நிமிர்ந்து நிற்கும் கம்பியில் குத்து வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிடும். கம்பி நிறைந்தால் சணல் போட்டுக் கட்டிப் பரணில் ஏற்றிவிட்டு மறுபடியும் ஆரம்பிப்பார் அய்யாக்குட்டி அண்ணாச்சி. முப்பது வருஷப் பழக்கம், கை தானாகச் செய்யும். அந்தப் பழக்கம்தான் அவர் குடும்பத்தைக் கெடுத்தது என்று சொல்லலாம். ஆனால் பாவம், ஒரு கம்பியின் மேல் பழியைப் போடுவானேன்? கெடுத்தது அண்ணாச்சிதான். அதை வாய்விட்டுச் சொல்ல அவருக்கு ஒன்றரை வருஷம் ஆயிற்று.

அவருக்கு ஒரே மகன், ஜெயகணேஷ். பிளஸ் டூ முடித்த கையோடு பட்டாளத்தில் சேர்ந்தான். கடலில் ரோந்து சுற்றும் படை. ஆனால் எங்கள் பக்கத்தில் சீருடை போட்ட எல்லாமே பட்டாளம்தான். அவனுக்கு வயர்லெஸ் பிரிவில் வேலை. அதிலிருந்து பத்து வருஷமாக, ஆகஸ்ட் பதினைந்தாம் தேதி வியாபாரிகள் சங்கத்தில் யார் கொடியேற்றுவது என்ற கேள்வியே எழுந்ததில்லை. பட்டாளத்துக்காரனின் தகப்பன் இருக்கும்போது வேறு யார்? மகனின் சீருடைப் படத்தைச் சட்டம் போட்டுக் கடையில் சாமி படங்களை அடுத்து மாட்டியிருந்தார். காலையில் சாமிக்கு ஊதுபத்தி காட்டும் கை அந்தப் படத்துக்கும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வரும். உயிரோடிருக்கிற பிள்ளைக்கு இப்படியெல்லாம் காட்டக் கூடாது என்று அவர் மனைவி பகவதி சண்டை பிடிப்பாள். அவர் கேட்டால்தானே.

இனி நடந்ததைச் சொல்கிறேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஆகஸ்ட் மாதம், பெரியதாழையிலிருந்து மீன்பிடிக்கப் போன ஒரு ஃபைபர் படகை விடியும் நேரத்தில் ஏதோ ஒரு கப்பல் இடித்துவிட்டுப் போயிற்று. படகிலிருந்த இரண்டு பேர் செத்தார்கள். சரக்குக் கப்பல் ஒன்று இடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது, எந்தக் கப்பலென்று தெரியவில்லை என்று அறிவித்தார்கள். மறு வருஷம் பிப்ரவரியில் ஒரு பத்திரிகை, பட்டாளத்தின் ரகசியக் காகிதத்தையே படமெடுத்துப் போட்டுவிட்டது. இடித்தது சரக்குக் கப்பல் இல்லை, ரோந்துக் கப்பல். இடித்தது தெரிந்த பிறகும் ‘நிற்க வேண்டாம், பாதையில் தொடரவும்’ என்று மேலிருந்து உத்தரவு போயிருக்கிறது. அந்தக் காகிதத்தைப் பார்க்க வாய்ப்பிருந்தவர்கள் மொத்தம் பதினோரு பேர். பதினோரு பேர் வீட்டுக்கும் ஆள் போனார்கள்.

பகவதி ஸ்டோருக்கு மூன்று பேர் வந்தார்கள். சாதாரணச் சட்டை, பேன்ட்தான். தமிழ் பேசியவர் தன் பெயர் சிவப்பிரகாஷ் என்று சொல்லி அடையாள அட்டையைக் காட்டினார். பகவதி அன்றைக்கு முக்காணியில் ஒரு வளைகாப்புக்குப் போயிருந்தாள். மகன் எதற்கு விசாரிக்கப்படுகிறான் என்று அவர்கள் சொல்லவில்லை. பொங்கல் லீவில் வந்தவன் இங்கே என்னென்ன செய்தான், யாரைப் பார்த்தான் என்று சும்மா பேச்சுக் கொடுப்பதுபோல் கேட்டார்கள்.

பலசரக்குக் கடைக்காரனிடம் அதிகாரிகளுக்கென்று ஒரு வைத்தியம் உண்டு. எடைக்கல்லுக்கு முத்திரை பார்க்க ஒருவர் வருவார், மிளகாய்த்தூளில் சாம்பிள் எடுக்க இன்னொருவர் வருவார். வந்தவர் ஒரு தப்பாவது எழுதாமல் போக மாட்டார். எழுதினால்தான் வேலை பார்த்த மாதிரி. அவராகவே தேட ஆரம்பித்தால் எது கையில் சிக்கும் என்று சொல்ல முடியாது. ஆகவே அவர் தேடுமுன் நாமே ஒரு சின்னத் தப்பை எடுத்து நீட்டிவிட வேண்டும். அண்ணாச்சி இதற்கென்றே முத்திரையில்லாத கால் கிலோ கல் ஒன்றைத் தராசுக்குப் பின்னால் வைத்திருந்தார். ‘தப்பாகிப்போச்சு சார்’ என்று அதைக் கொடுத்துவிட்டுக் கைகட்டி நின்றால், வந்தவர் அதை எழுதிக்கொண்டு, ஒரு கலர் சோடாவைக் குடித்துவிட்டுப் போய்விடுவார். உள்ளறையில் தேதி தாண்டிய சேமியாப் பாக்கெட்டுகள் பத்திரமாக இருக்கும். முப்பது வருஷமாக இந்த வைத்தியம் ஒரு தடவைகூடப் பொய்த்ததில்லை.

அன்றைக்கும் அவர் அதையேதான் செய்தார். பரணில் ஜெயகணேஷ் விட்டுப்போன லேப்டாப் பை இருந்தது. அதற்குள் என்ன இருக்கிறதோ, அது இவர்கள் கையில் கிடைத்தால் பிள்ளை தொலைந்தான் என்று அவருக்குப் பயம். சிவப்பிரகாஷின் கண் பரண் பக்கம் போகிற மாதிரி தோன்றியதும் அண்ணாச்சியின் கை தன்னால் கம்பிக்குப் போயிற்று. மகன் லீவில் வந்தபோது சென்னைக்கு ஒரு கூரியர் அனுப்பியிருந்தான். வந்து, அந்தச் சீட்டை அவனே கம்பியில் குத்திவிட்டுப் போனான். சின்ன வயசிலிருந்து அந்தக் கடையில் வளர்ந்த பிள்ளை, அவன் கைக்கும் அதே பழக்கம்தான். அண்ணாச்சிக்கு அது ஒரு சாதாரணச் சீட்டு.

“எங்ககிட்ட மறைக்க ஒண்ணுமில்ல சார். பையன் ஒரே ஒரு கூரியர் அனுப்புனான். இந்தா, சீட்டு இருக்கு, பாத்துக்கிடுங்க” என்று மேலே இருந்தவற்றைத் தள்ளிவிட்டு அதை மட்டும் இழுத்தார். அவசரத்தில் ஓட்டையிலிருந்து ஓரம் வரை கிழிந்து வந்தது.

சிவப்பிரகாஷ் அதை வாங்கிப் பார்த்தார். இரண்டு தடவை பார்த்தார். மற்ற இருவரிடமும் இந்தியில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு எழுந்தார். பரணை அவர் ஏறிட்டும் பார்க்கவில்லை. கலரைப் பாதிகூடக் குடிக்கவில்லை. “ரொம்ப நன்றி அண்ணாச்சி, பெரிய உதவி பண்ணியிருக்கீங்க” என்று கையைக் குலுக்கிவிட்டுப் போனார். அண்ணாச்சிக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. சமாளித்துவிட்டோம் என்று தன்னைத் தானே மெச்சிக்கொண்டார், அந்த மனுஷன்.

மூன்றாம் நாள் ஜெயகணேஷைக் கைது செய்தார்கள். லேப்டாப்பை இறக்கிப் பார்த்தால், சொந்தக்காரர்கள் கல்யாணப் படங்களும் ஐம்பது சினிமாவும் இருந்தன. அவ்வளவுதான். மகனுக்காகப் பிடித்த வக்கீல் சம்பத்குமார், ஸ்ரீவைகுண்டத்துக்காரர், நிதானமான மனிதர். அவர்தான் ஒரு நாள் பேச்சோடு பேச்சாகச் சொன்னார்: “பதினோரு பேர்ல யாருன்னு அவங்களுக்குத் தெரியாது சார். கையில ஒரு ஆதாரமும் இல்ல. எங்கிருந்தோ, அந்தப் பத்திரிகைக்காரருக்கு அனுப்புன கூரியர் சீட்டு ஒண்ணு கிடைச்சிருக்கு. அது மட்டும் கிடைக்காம போயிருந்தா கேஸே நின்னிருக்காது.” அண்ணாச்சி அங்கேயே செத்தார். வெளியே தெரியவில்லை. ‘அப்படியா சார்’ என்று கேட்டுக்கொண்டார். வீட்டுக்கு வந்து பகவதியிடம் மூச்சுவிடவில்லை.

விசாரணை மூடிய அறைக்குள் நடந்தது. வீட்டு ஆட்களுக்கு அனுமதி இல்லை. மூன்று வருஷத் தண்டனை, வேலையும் போயிற்று. பாளையங்கோட்டைச் சிறைக்குக் கொண்டுவந்தார்கள்.

ஊரில் பேசாத பேச்சில்லை. டீக்கடையில் ஒருவன் ‘தேசத் துரோகி’ என்றான். இன்னொருவன் ‘அவன் மட்டும் சொல்லலேன்னா ரெண்டு குடும்பம் கடைசி வரைக்கும் உண்மை தெரியாமலேயே போயிருக்கும், அவன்லா ஆம்பள’ என்றான். அண்ணாச்சி முதல் கட்சி. கடையில் நிற்கிற ஆள் நம் கொள்முதல் விலையை எதிர்க் கடையில் போய்ச் சொன்னால் விட்டுவைப்போமா? சம்பளம் வாங்குகிற இடத்து ரகசியம் தொண்டைக்குள்தான் இருக்க வேண்டும். அவர் அதை மனசார நம்பினார். மகனை நினைத்தால் அவமானமாக இருந்தது. சங்கத்தில் யாரும் எதுவும் சொல்லவில்லை. இவர் உள்ளே வந்தால் பேச்சை மாற்றினார்கள், அது போதாதா. ஒரு காலையில் கடை திறந்தவர் மகன் படத்தைக் கழற்றி உப்பு மூட்டைகளுக்குப் பின்னால் திருப்பி வைத்தார். அப்படி வைக்கும்போது, பிடித்துக் கொடுத்தவனே படத்தையும் கழற்றுகிறான் பார் என்று உள்ளுக்குள் ஒரு குரல் கேட்டது. மகன் செய்தது துரோகம் என்றால், தான் செய்ததற்கு என்ன பெயர் என்று அவருக்குத் தெரியவில்லை.

இதோடு போயிருந்தால்கூட ஒருமாதிரி. சிறைக்கு முதல் தடவை போனபோது பகவதி கம்பி வலையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: “எய்யா, ஒன்னய யாருய்யா காட்டிக் குடுத்தா?”

ஜெயகணேஷ் அம்மாவைப் பார்த்தான். அவளுக்குப் பின்னால் நின்ற அப்பாவைப் பார்த்தான். பிறகு, “நான் பாண்டியராஜ்ட்ட மட்டுந்தாம்மா சொல்லியிருந்தேன்” என்றான்.

பாண்டியராஜ் வேறு யாருமில்லை, இதே புதுக்கோட்டை, அடுத்த தெரு. ஜெயகணேஷ் கைபிடித்துப் பட்டாளத்தில் சேர்த்துவிட்ட பையன். தகப்பன் இல்லாத பிள்ளை. தாய் இந்துமதி தையல் மிஷின் மிதித்து வளர்த்தாள். பகவதி ஊருக்கு வந்து பஸ்ஸைவிட்டு இறங்கியவள் நேரே இந்துமதி வீட்டு வாசலுக்குப் போனாள். குனிந்து தெரு மண்ணை இரண்டு கையாலும் அள்ளி, “எம்புள்ள பொழப்பக் கெடுத்தவன் வெளங்குவானா” என்று தூற்றினாள். தெருவே நின்று பார்த்தது. இந்துமதி முந்தானையால் கண்ணில் விழுந்த மண்ணைத் துடைத்துக்கொண்டு, “எம்மவன் அப்படிச் செய்ய மாட்டான் மதினி” என்று மட்டும் சொன்னாள். அண்ணாச்சி பத்தடி தள்ளி நின்றார். ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஊர் நியாயத்தையும் சொல்ல வேண்டும். நாட்டைக் காட்டிக் கொடுத்தவன் துரோகி. அந்தத் துரோகியைக் காட்டிக் கொடுத்தவனும் துரோகி. இரண்டு பேரையும் ஒரே வாயால் ஏசினார்கள். பாண்டியராஜுக்குப் பேசி முடித்திருந்த பெண் வீட்டார் பின்வாங்கிவிட்டார்கள். அவன் லீவில் ஊருக்கு வருவதையே நிறுத்திவிட்டான். இந்துமதி இருபது வருஷமாகச் சாமான் வாங்கிய பகவதி ஸ்டோரைத் தாண்டி, ரோட்டைக் கடந்து, தூரத்துக் கடைக்கு நடந்து போனாள். தினமும் அவள் போவதை அண்ணாச்சி மேசையிலிருந்து பார்த்தார்.

இந்த ஆகஸ்ட் பதினைந்துக்கும் சங்கத்திலிருந்து கூப்பிடவில்லை. மூன்று நாள் கழித்து, கைலியும் வெள்ளைச் சட்டையுமாக ஒரு மனிதர் கடைக்கு வந்தார். வெயிலில் காய்ந்த முகம். சாமான் எதுவும் கேட்கவில்லை.

“அண்ணாச்சி, நான் பெரியதாழ. தேவதாசன். செத்துப்போனாம்லா இனிகோ, அவன் அப்பன்.”

அண்ணாச்சி எழுந்து நின்றார்.

“வாற இருவத்திநாலாந் தேதி பிள்ளையளுக்கு ரெண்டாம் வருஷப் பூச. நீங்க அவசியம் வரணும். தம்பியத்தான் கூப்புட முடியாது. அவனப் பெத்த ஒங்களயாவது ஊரு பாக்கணும்னு சொல்லுதாவ.”

வேலை இருக்கிறது, உடம்பு சரியில்லை, ஆயிரம் சாக்கு வாய் வரை வந்தது. பிள்ளையைப் பறிகொடுத்தவன் முன்னால் எதுவும் வெளியே வரவில்லை. வருகிறேன் என்று தலையாட்டினார். பகவதிக்கு அன்று காய்ச்சல். அவர் தனியாகத்தான் போனார்.

பெரியதாழையில் பஸ்ஸைவிட்டு இறங்கியதும் முதலில் கண்ணில் பட்டது தன் முகம். ஆமாம், அவர் முகம்தான். எங்கே பிடித்தார்களோ, எப்போதோ கொடியேற்றியபோது எடுத்த படம். ‘வீரனைப் பெற்ற தந்தையே வருக’ என்று கோயில் வாசலில் ஆளுயர ஃப்ளெக்ஸ். அந்த பஸ்ஸிலேயே திரும்ப ஏறிவிடலாமா என்று பார்த்தார். அதற்குள் தேவதாசன் வந்து கையைப் பிடித்துவிட்டார்.

பூசை முடிந்து பந்தலில் உட்கார்த்தி வைத்துப் பொன்னாடை போர்த்தினார்கள். அவர் குனிந்துகொண்டார், வெட்கப்படுகிறார், அடக்கமான மனுஷன் என்று பக்கத்தில் யாரோ சொன்னார்கள். சாப்பாட்டுக்குத் தேவதாசன் தன் வீட்டுக்கு அழைத்துப்போனார். சுவரில் இனிகோவின் படம், கீழே சின்ன பல்பு. இனிகோவின் தாய் சோற்றைப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

தேவதாசன் பேசினார். “சரக்குக் கப்பல் இடிச்சிட்டுன்னு சொன்னாவ. நம்பினோம். அஞ்சு மாசம் அண்ணாச்சி, இவ தெனமும் காலையில கரையில போய் நிப்பா. தூரத்துல தூத்துக்குடிக்குப் போற கப்பல் எது தெரிஞ்சாலும் மண்ண வாரித் தூத்துவா. எத்தன கப்பல். அதுல உள்ளவன் எவன் என்ன பாவம் பண்ணான்? அவனுவளுக்கும் தாய் தகப்பன் உண்டும்லா. ஒங்க மவன் அனுப்புன காயிதம் பேப்பர்ல வந்த பொறவுதான் நிறுத்துனா.”

அந்தத் தாய் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: “தப்பான ஆளத் தூத்திட்டேனேன்னு சாமியார்ட்ட பாவசங்கீர்த்தனத்துல போய்ச் சொன்னேன் அண்ணாச்சி. அதுக்கப்புறந்தான் எனக்குத் தூக்கமே வந்துச்சு.”

அண்ணாச்சியின் வாயில் சோறு நின்றுவிட்டது.

“எங்க ஊருக்கும் வந்தாவ, காயிதம் குடுத்தது யாருன்னு கேட்டு” என்று தேவதாசன் தொடர்ந்தார். “நாலு தடவ. எங்களுக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தாலும் செத்தாலும் சொல்லியிருக்க மாட்டோம். ஆனா யாரோ கூட இருந்தவந்தானே காட்டிக் குடுத்திருக்கான்? அவன் நல்லாவா இருப்பான், சொல்லுங்க.” அண்ணாச்சியின் மனசுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் அவர் அதைச் சொன்னார்.

புறப்படும்போது அந்தத் தாய், “தம்பி படம் ஒண்ணு குடுத்துவிடுங்க. எங்க பிள்ள பக்கத்துல வைக்கணும்” என்று கேட்டாள். சரி என்றார். உப்பு மூட்டைக்குப் பின்னால் சுவரைப் பார்த்துக் கிடக்கிற படம் நினைவுக்கு வந்தது. திரும்பி வரும் வழியெல்லாம் பொன்னாடையை மஞ்சப்பைக்குள் திணித்து மடியில் வைத்துக்கொண்டு, அது வெளியே தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தார்.

கைதிகளைப் பார்க்க விடும் அடுத்த மனு நாளில் பகவதியை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தான் மட்டும் பாளையங்கோட்டைக்குப் போனார். மனு எழுதிக் கொடுத்து, இரண்டு மணி நேரம் காத்திருந்து, வலைக்கு முன்னால் போய் நின்றார். ஜெயகணேஷ் இளைத்திருந்தான். சிரித்தான்.

“எப்பா, அம்மா வரலியா?”

“நாந்தான் வேண்டாம்னேன். ஒங்கிட்ட ஒண்ணு சொல்லணும்லே.” சுற்றிலும் பத்துக் குடும்பங்கள் சத்தம் போட்டுப் பேசிக்கொண்டிருந்தன. “அந்தச் சீட்ட நாந்தாம்லே எடுத்துக் குடுத்தேன். லேப்டாப்ப எடுத்திருவானுவளோன்னு பயந்து, இது சின்ன விஷயந்தானேன்னு, எடைக்கல்லு ஆபீசருக்குக் குடுக்க மாதிரி எடுத்துக் குடுத்திட்டேன். ஒன்னய உள்ள தள்ளுனது நாந்தான்.”

ஜெயகணேஷ், “தெரியும்பா” என்றான்.

“என்னது?”

“விசாரணையில அந்தச் சீட்ட மேசையில வச்சாங்க. நடுவுல ஓட்ட. ஓட்டையிலேர்ந்து ஓரம் வரைக்கும் கிழிசல். நம்ம கம்பில குத்துனது நாந்தான. பாத்த ஒடனே தெரிஞ்சுபோச்சு.”

அண்ணாச்சி வலையைப் பிடித்துக்கொண்டார். “பொறவு ஏம்லே பாண்டியராஜ் பேரச் சொன்ன?”

“அம்மா கேட்டா. நீங்க பின்னால நின்னிய. ஒங்க மொகத்தப் பாத்தேன். தெரிஞ்சா அவ ஒங்களோட ஒரு வேள சோறு திங்க மாட்டா. ஏதாவது ஒரு பேரு வேண்டியிருந்துச்சு, சொல்லிட்டேன்.” அவன் தலையைக் குனிந்தான். “அவன் வாயே தொறக்கலப்பா. அவனயும் ராப்பகலா கேட்டானுவ. ஒரு வார்த்த சொல்லல.”

இரண்டு பேருக்கும் ஒருவரை ஒருவர் பார்க்க முடியவில்லை. பிறகு, கேட்காமலேயே ஜெயகணேஷ் சொன்னான்: “கப்பல் இடிச்ச அன்னைக்கு வயர்லெஸ்ல இருந்தது நாந்தான். ‘நிற்க வேண்டாம்’னு மேல இருந்து சொன்னாங்க. அந்த உத்தரவ என் வாயாலதான் சொன்னேன். அப்ப அவங்க ரெண்டு பேரும் உசுரோட தண்ணியில கெடந்திருக்காங்க. அத வச்சுக்கிட்டு என்னால இருக்க முடியல. ஆனா எப்பா, ரோந்துப் பாதையும் அதே தாள்லதான் இருந்துச்சு. அத மறைச்சிட்டு அனுப்பியிருக்கணும். அவசரத்துல அப்படியே போட்டுட்டேன். அதுக்கு ஜெயில் சரிதான். மத்ததுக்கு இல்ல.”

வீரனா, குற்றவாளியா என்று டீக்கடையில் ஒன்றரை வருஷமாக அடித்துக்கொண்டதற்கு அவன் இப்படிப் பதில் வைத்திருந்தான். அண்ணாச்சிக்கு அந்த வழக்கில் இனிமேல் பேச ஒன்றும் இல்லை. அவருக்கு வேறு வழக்கு இருந்தது.

“இனிகோ அம்மைக்கு உண்மை தெரியணும்னு நீ உள்ள வந்து கெடக்க” என்றார். “இந்துமதிக்குத் தெரிய வேண்டாமாலே?”

“அம்மாட்ட சொல்லாதிய. இது நமக்குள்ளயே இருக்கட்டும்.”

“கப்பல் விஷயத்துல அப்படித்தாம்லே அவனுவளும் சொன்னானுவ.”

ஜெயகணேஷ் நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தான். அவன் கண் கலங்கியிருந்தது. “அம்மா ஒங்கள மன்னிக்க மாட்டாப்பா” என்றான் மெதுவாக. நேரம் முடிந்துவிட்டது என்று வார்டர் வந்து சொன்னார்.

மாலை நாலு மணிக்குப் புதுக்கோட்டையில் இறங்கினார். கடையில் பகவதி இருந்தாள். யாரோ கொடுத்துவிட்டுப் போன ரசீதைக் கம்பியில் குத்திக்கொண்டிருந்தாள். மகன் எப்படி இருக்கிறான், சாப்பிடுகிறானா என்று கேட்டாள். அவர் உட்காரவில்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல், கம்பியைக் காட்டி, எல்லாவற்றையும் சொன்னார். மகனுக்குத் தெரியும் என்பதையும் சொன்னார். எதையும் குறைக்கவில்லை.

அவள் அழுவாள், ஏசுவாள், கையில் கிடைத்ததை எடுத்து எறிவாள் என்று எதிர்பார்த்தார். எறிந்தால் நல்லது என்றுகூட நினைத்தார். பகவதி கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நான் இந்துமதிய மண்ண வாரித் தூத்துனப்ப நீங்க அங்கனதான நின்னிய?” என்று கேட்டாள்.

“ஆமா.”

“நின்னு பாத்துக்கிட்டிருந்திய.”

“ஆமா.”

“கடையச் சாத்துங்க” என்று சொல்லிவிட்டு இறங்கித் தெருவில் நடந்தாள். அவர் ஷட்டரை இழுத்துவிட்டு, பூட்டுப் போட மறந்து, பின்னால் ஓடினார்.

அந்த நேரத்துக்குத் தெருவில் ஆள் நிறைய. குழாயடியில் குடங்கள், பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள். மண்ணைத் தூற்றிய அதே இடத்தில் போய் நின்றாள் பகவதி. உள்ளே தையல் மிஷின் ஓடும் சத்தம் கேட்டது. இவர்களைப் பார்த்ததும் அது நின்றது. இந்துமதி வாசலுக்கு வந்தாள். இன்னொரு தடவை வாங்கிக்கொள்ளத் தயாராக நிற்கிறவள்போல் முந்தானையை இழுத்து முகத்துப் பக்கம் பிடித்துக்கொண்டாள். அதைப் பார்த்ததும் பகவதி தெரு மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அண்ணாச்சி சுற்றிலும் பார்த்தார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே வாருங்கள், உட்கார்ந்து பேசுவோம் என்று இந்துமதி ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் தப்பித்துவிடலாம் என்று ஒரு நப்பாசை. அவள் சொல்லவில்லை. அவருக்கு முகமெல்லாம் தீயாக எரிந்தது. தெருக்கோடி வரை கேட்கும் குரலில் சொன்னார்:

“எம்மவனப் பிடிச்சுக் குடுத்தது நாந்தான். சீட்ட எடுத்து ஆபீசர் கையில குடுத்தது நான். ஒம்மவன் ஒரு தப்பும் பண்ணல. ஒன்றர வருஷமா எனக்குத் தெரியும்.”

குழாயடியில் குடம் நிரம்பி வழிந்தது, யாரும் எடுக்கவில்லை. இந்துமதி முந்தானையை இறக்கினாள். அவள் கோபப்படவில்லை, அழவும் இல்லை. உள்ளே போனாள். கதவைச் சாத்தப் போகிறாள் என்று நினைத்தார். அவள் போனை எடுத்துக்கொண்டு திரும்ப வந்தாள். எண்ணை அழுத்தி, சத்தமாகக் கேட்கும்படி வைத்து, மணி அடிக்கும்போதே அவரிடம் நீட்டினாள்.

“எங்கிட்ட சொன்னது போதும் அண்ணாச்சி. அவன்ட்ட சொல்லுங்க. அவன் ஊருக்கு வந்து வருஷத்துக்கு மேல ஆவுது.”

அண்ணாச்சி போனை வாங்கிக்கொண்டார். போன் நாலு தடவை அடித்தது, ஐந்து தடவை அடித்தது. எடுக்காமல் போய்விட்டால் நல்லது என்று, இவ்வளவுக்குப் பிறகும், அவர் நெஞ்சுக்குள் ஒரு மூலை வேண்டிக்கொண்டது. அதை நினைத்தும் அவர் வெட்கப்பட்டார்.

“எம்மா?” என்றது பாண்டியராஜின் குரல்.

“தம்பி,” என்றார் அண்ணாச்சி, “நான் பகவதி ஸ்டோர் அய்யாக்குட்டி பேசுதேன்.”